இமையில் ஒரு மடிப்பு



அழகு அறுவைசிகிச்சை என்று சொன்னால் போதும், நம்மூரில் அது உடனே பட்டிமன்றத் தலைப்பாகிவிடும். ‘பெண்ணின் உரிமையே’ என்று மூவர், ‘சமூகத்தின் திணிப்பே’ என்று மூவர். ஓர் அணி ‘என் உடம்பு, என் பணம், உனக்கென்ன வந்தது’ என்று கேட்கும். எதிரணி சினிமாவையும் விளம்பரத்தையும் திட்டித் தீர்க்கும். நடுவர் இரண்டையும் கலந்து, அகத்தழகே அழகு என்று தீர்ப்பளித்து எல்லாரையும் சாப்பாட்டுக்கு அனுப்பிவைப்பார்.

எனக்கு அந்த மேடையில் எந்தப் பக்கமும் நாற்காலி இல்லை. கத்திக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கும் பெண்ணைப் பேராசைக்காரி என்று பழிப்பதை நான் ஏற்கவில்லை. விவரம் போதாமல் ஏமாந்துபோனவள் என்று இரங்குவதையும் ஏற்கவில்லை. பெரும்பாலும் அவள் கணக்குப் போடுகிறவள். தன்னைச் சுற்றியுள்ளவர்கள் எந்த முகத்துக்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்று பார்த்து, செலவையும் வலியையும் எதிர்த்தட்டில் வைத்து எடைபோடுகிறாள். அந்த விலைப்பட்டியலை எழுதியவர்கள் யார் என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

அதற்குத் தென்கொரியாவை எடுத்துக்கொள்கிறேன். இங்கு உட்கார்ந்திருக்கும் மாணவியரில் பாதிப் பேருக்குக் கொரியப் பெயர்கள் என்னைவிட நன்றாக வாயில் வரும். நான் தவறாக உச்சரித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் கேலப் கொரியா நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், 19 முதல் 29 வயதுவரையிலான பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஏதோ ஒரு அழகு அறுவைசிகிச்சை செய்துகொண்டதாகச் சொன்னார்கள். எண்ணிக்கை பெரிது என்பதற்காக மட்டும் நான் அந்த நாட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. விலைப்பட்டியலை எழுதிய கைகள் அங்கே தடயம் விட்டுப் போயிருக்கின்றன. நீதிமன்றத்தில், சட்டப் புத்தகத்தில், ரயில் நிலையச் சுவரில் அவற்றைப் படிக்க முடியும்.

முதலில் ஒரு தலைமுடிக் கதை. 1895-ஆம் ஆண்டின் கடைசி நாள்களில் கொரிய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது: ஆண்கள் உச்சிக்குடுமியை வெட்டிக்கொள்ளவேண்டும். மன்னர் கோஜோங் தன் குடுமியை முதலில் வெட்டிக்கொண்டார். நாடு கொந்தளித்தது. உடலும் முடியும் தோலும் பெற்றோர் தந்தவை, அவற்றுக்கு ஊறு செய்யாமல் காப்பதே பிள்ளையின் முதற்கடமை என்பது கன்பூசிய மரபின் பாலபாடம். சோ இக்-ஹ்யோன் என்ற முதிய அறிஞர், முடியைக் கேட்பதற்குப் பதிலாகத் தலையை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிற கருத்தில் பேசினார். அந்த ஆண்டு அரசி மின் ஜப்பானியர் கையில் கொலையுண்டிருந்தார். அந்தக் கோபமும் சேர்ந்துகொள்ள, ஆயுதம் ஏந்திய மக்கள் படைகள் கிளம்பின. ஒரு குடுமிக்காக.

அந்த மக்களின் கொள்ளுப்பேத்திகள் இன்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகிறார்கள். பணம் கட்டுவதும் அம்மாதான். பெற்றோர் தந்த உடலைப் பெற்றோரே காசு கொடுத்துத் திருத்தும் நிலைக்கு ஒரு சமூகம் எப்படி நூறே ஆண்டில் வந்து சேர்ந்தது? ‘மேல்நாட்டு நாகரிகம்’ என்று ஒரே சொல்லில் விடை எழுதுபவருக்கு நான் தேர்ச்சி மதிப்பெண் போடமாட்டேன். கொஞ்சம் உண்மை அதில் இருக்கிறது; அதையும் பார்த்துவிடலாம்.

கொரியப் போர் ஓய்ந்த பிறகு, 1954-இல் அமெரிக்கக் கடற்படைவீரர்களோடு டேவிட் ரால்ஃப் மில்லார்ட் என்ற பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் அங்கு வந்தார். தீக்காயம்பட்டவர்களுக்கும் உதட்டுப்பிளவோடு பிறந்த குழந்தைகளுக்கும் சிகிச்சை செய்தார். உதட்டுப்பிளவைச் சீராக்க அவர் அங்கே வகுத்த முறை இன்றும் உலகம் முழுவதும், நம் நாட்டிலும், கையாளப்படுகிறது. அவருடைய பேரைக் கெடுப்பது என் நோக்கமில்லை. ஆனால் அதே காலத்தில் அவர் இன்னொன்றும் செய்தார். மேலிமையில் மடிப்பு இல்லாத கண்களுக்கு மடிப்பு உண்டாக்கினார். அதைப்பற்றி மருத்துவ இதழ்களில் எழுதவும் செய்தார். அந்த எழுத்தில் வரும் ஒரு நோயாளி, கொரிய மொழிபெயர்ப்பாளர். நன்றாக ஆங்கிலம் பேசுபவர். தன் கண்களைப் பார்க்கும் அமெரிக்கர்களுக்குத் தன் மனத்தில் இருப்பது புரிவதில்லை, அதனால் தன்னை நம்புவதில்லை என்று சொல்லி, கண்ணை மாற்றித் தரக் கேட்டார். அவர் ஆண். அழகாக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை; வேலை கொடுப்பவன் நம்பவேண்டும் என்று கேட்டார். இந்த மொழிபெயர்ப்பாளரை மறந்துவிடாதீர்கள். அமெரிக்க வீரர்களைத் திருமணம் செய்துகொள்ள விரும்பிய பெண்களும் பின்னர் அந்த வரிசையில் நின்றார்கள்.

இதைப் படித்துவிட்டு, ‘வெள்ளைக்காரியாக மாற ஆசைப்பட்டதன் கதை இது’ என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் மில்லார்டுக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1896-இல், ஜப்பானிய மருத்துவர் மிகாமோ இதே இமைமடிப்பு அறுவையைச் செய்து எழுதிவிட்டார். கிழக்காசியாவில் ஏராளமானோருக்கு மடிப்பு பிறவியிலேயே உண்டு. அப்படிப்பட்ட கண்ணை மாதிரியாக வைத்துத்தான் மிகாமோ செய்தார். கொரியப் பெண்களைக் கேட்டால், தாங்கள் ஐரோப்பிய முகத்தை விரும்பவில்லை, தங்கள் ஊர் நடிகையின் முகத்தைத்தான் விரும்புகிறோம் என்பார்கள். தாடை எலும்பைச் செதுக்கி முகத்தைச் சிறிதாக்கும் கடினமான அறுவை அங்கே பரவலாக இருக்கிறது. அது எந்த வெள்ளைக்காரியைப் பார்த்துச் செய்வது? நிறமும் கண்ணும் உலக அதிகாரத்தோடு தொடர்பில்லாதவை என்று நான் சொல்லவில்லை. அந்தத் தொடர்பை வைத்து மட்டும் ஒரு பெண் ஏன் இந்த ஆண்டு, இந்த மாதம், இந்த மருத்துவமனைக்குள் நுழைகிறாள் என்று விளக்க முடியாது.

அதை விளக்க நாம் 1994-க்குப் போகவேண்டும். என் பார்வையில் இந்தக் கதையின் மையம் அந்த ஆண்டுதான். அழகைப்பற்றிய நூல்கள் அதை அடிக்குறிப்பில் சொல்லிக் கடந்துவிடுவது எனக்கு வருத்தம்.

கொரியாவில் பெண்களுக்கான வணிக உயர்நிலைப் பள்ளிகள் இருந்தன. தட்டச்சு, கணக்குப்பதிவு கற்றுக்கொடுத்து, படிப்பு முடியும்போதே வங்கிகளுக்கும் நிறுவனங்களுக்கும் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பும் பள்ளிகள். பெரும்பாலும் வசதி குறைந்த வீட்டுப் பெண்கள். நிறுவனங்கள் பள்ளிக்குக் கடிதம் அனுப்பும்: இத்தனை பேர் தேவை, பரிந்துரை செய்யுங்கள். அந்தக் கடிதங்களில் மதிப்பெண்ணோடு வேறு சில தகுதிகளும் எழுதியிருந்தன. உயரம் 160 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. எடை 50 கிலோவைத் தாண்டக்கூடாது. கண்ணாடி அணியக்கூடாது. தோற்றம் லட்சணமாக இருக்கவேண்டும். பேரேடு எழுதப்போகும் பெண்ணுக்கு.

ஆசிரியர்கள் இந்தக் கடிதங்களைத் தூக்கிப் போடாமல் சேர்த்துவைத்தார்கள். 1994-இல் ஆசிரியர் சங்கத்தினரும் பெண்கள் அமைப்பினரும் பேராசிரியர்களும் கூடி, வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தை மீறியதாக 44 நிறுவனங்கள்மீது புகார் கொடுத்தார்கள். நாடே பேசியது. மறு ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. பெண்களை வேலைக்கு எடுக்கும்போது, வேலைக்குத் தேவையில்லாத தோற்றம், உயரம், எடை, திருமணமாகாமை போன்ற நிபந்தனைகளை விதிக்கக்கூடாது என்று சேர்த்தார்கள்.

ஒரு வகுப்பறையைக் கற்பனை செய்து பாருங்கள். கணக்கில் முதலாவதாக வரும் பெண்ணை ஆசிரியர் பரிந்துரைக்க முடியவில்லை, கண்ணாடி போட்டிருக்கிறாள். பின்வரிசைப் பெண்ணை அனுப்புகிறார். வகுப்பில் இருக்கும் அத்தனை பேரும் அன்றைக்கு ஒரு பாடம் கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பாடத்தை எந்தச் சினிமா நடிகையும் கற்றுக்கொடுக்கவில்லை. ஊடகங்களின் தாக்கம், ஊடகங்களின் தாக்கம் என்று நம் ஆய்வேடுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. முதலாளியின் தாக்கம் என்று எழுதிய ஆய்வேட்டை நான் தேடித்தான் பார்க்கவேண்டும்.

சட்டம் வந்ததும் நிபந்தனை கடிதத்திலிருந்து மறைந்தது. விண்ணப்பத்தில் ஒட்டும் புகைப்படத்தில் குடியேறியது. 1997-இன் இறுதியில் பொருளாதார நெருக்கடி வந்தபோது பெண்கள்தான் முதலில் வெளியே தள்ளப்பட்டார்கள். கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் வேலை பார்த்தால் மனைவியை ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டுப் போகச் சொன்ன நிறுவனங்கள் உண்டு. அது வழக்காகவும் ஆனது. அதன்பிறகு வந்த தலைமுறை ‘ஸ்பெக்’ என்ற ஒன்றைச் சேர்க்கத் தொடங்கியது. பட்டம், ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் ஸ்பெக். முகமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. தோற்றமும் போட்டித்திறன்தான் என்பது அங்கே பழமொழிபோல வழங்கும் பேச்சு. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் (ஓ.இ.சி.டி.) நாடுகளில் ஆண் பெண் ஊதிய இடைவெளி மிக அதிகமாக இருப்பது தென்கொரியாவில்; 2022-இல் ஏறத்தாழ 31 விழுக்காடு. கதவு குறுகலாக இருக்கும்போது உள்ளே நுழையத் தேவையான எதையும் வீண்செலவு என்று சொல்லிவிட முடியாது. மில்லார்டிடம் வந்த மொழிபெயர்ப்பாளர் போட்ட அதே கணக்குதான் இது.

அரசுத் துறைகளில் புகைப்படம் இல்லாத விண்ணப்பமுறை 2017-இல்தான் பரவலாக வந்தது. 2019-இல், ஆண் பெண் இருவருக்கும் பொருந்தும்படி, வேலைக்குத் தொடர்பில்லாத தோற்றம், உயரம், எடை விவரங்களைக் கேட்கத் தடைவிதித்து இன்னொரு சட்டத்திருத்தம். கடிதங்கள் பிடிபட்டு கால் நூற்றாண்டு கழித்து.

இனி அம்மாவுக்கு வருகிறேன்.

நவம்பர் மாதத்தில் கொரியாவில் கல்லூரி நுழைவுத்தேர்வு நடக்கும். சுனூங் என்பார்கள். அன்று அலுவலகங்கள் தாமதமாகத் திறக்கும். ஆங்கிலம் கேட்டு எழுதும் நேரத்தில் விமானங்கள்கூட ஏறுவதில்லை, இறங்குவதில்லை. தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து அழகு மருத்துவமனைகளுக்குச் சீசன். தேர்வு நுழைவுச்சீட்டைக் காட்டினால் தள்ளுபடி! நம் ஊரில் பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு ஸ்கூட்டியோ போனோ வாங்கிக்கொடுப்பதுபோல, அங்கே இமைமடிப்பு பல வீடுகளில் தேர்வுப் பரிசாக இருந்துவருகிறது. கல்லூரி திறக்கும் மார்ச் மாதத்துக்குள் வீக்கம் வடிந்துவிடும். புது ஊர், புது முகம், பழைய முகத்தைப் பார்த்தவர் யாருமில்லை.

இந்த அம்மாக்களைக் கொடியவர்களாக எழுதுவது பத்திரிகைகளுக்குப் பிடித்த வேலை. நான் அப்படிப் பார்க்கவில்லை. மகளுக்கு டியூஷன் வைத்த அதே அம்மாதான் இதையும் செய்கிறாள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அவள் தன் காலத்தில் அந்த வணிகப் பள்ளி வகுப்பறையில் உட்கார்ந்திருந்திருக்கலாம். பெண்ணின் முகத்தைப் பற்றிய கவலை அவளிடம் அன்பின் மொழியிலேயே வெளிப்படுகிறது. நமக்கு இது அயலானதா என்ன? பிறந்த குழந்தையைப் பார்க்க வருபவர்கள் முதலில் எடைபோடுவது நிறத்தைத்தானே? ‘அப்பா நிறமா, அம்மா நிறமா’ என்ற கேள்வி தொட்டிலுக்குமேல் குனிந்து கேட்கப்படுகிறது. ‘வெயிலில் ஆடாதே, கறுத்துப்போவாய்’ என்று சொன்ன பாட்டிக்குப் பேத்திமேல் வெறுப்பா? பெண்பார்க்க வருபவர்கள் என்ன சொல்வார்கள் என்பது பாட்டிக்குத் தெரியும். சொந்த அனுபவத்தில் தெரியும். 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்த அந்தப் புகழ்பெற்ற சிவப்பழகுக் களிம்பு 2020-இல் பெயரிலிருந்து ‘வெண்மை’யைக் கழற்றிவிட்டது, பாட்டிமார் இன்னும் கழற்றவில்லை.

தோழியரின் பேச்சும் அம்மாவின் பேச்சுக்குச் சளைத்ததில்லை. ஒருத்தி செய்துகொண்டு வந்து, வலி எவ்வளவு, எத்தனை நாளில் வீக்கம் வடிந்தது, எந்த டாக்டர் நல்லவர் என்று சொல்லும்போது, அதுவரை அச்சமாக இருந்தது தகவலாக மாறுகிறது. இதை வியாபாரிகள் மிகச்சரியாகப் புரிந்துகொண்டார்கள். மருத்துவமனைகளையும் அனுபவக் குறிப்புகளையும் தொகுத்துத் தரும் ஒரு பிரபலமான கைபேசிச் செயலிக்கு ‘கங்நம் அக்கா’ என்றே பெயர் வைத்தார்கள். கங்நம் சியோல் நகரின் வசதியான பகுதி. அழகு மருத்துவமனைகள் அடுக்கடுக்காக நிற்கும் அப்குஜோங் அங்கேதான் இருக்கிறது.

விளம்பரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப்பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். 2005-இல் கொரிய அரசியலமைப்பு நீதிமன்றம் மருத்துவ விளம்பரத் தடை செல்லாது என்றது. 2007-இல் சட்டம் தளர்ந்தது. அதன்பின் சுரங்க ரயில் நிலையங்களின் சுவரெங்கும் ‘முன்பு – பின்பு’ படங்கள். 2011-இல் தொடங்கிய ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, தோற்றத்தால் துன்பப்படுவதாகச் சொல்லும் பெண்களை மேடையேற்றி, அறுவைக்குப் பிறகு அதே மேடையில் திரை விலக்கிக் காட்டியது. குடும்பத்தார் அழுவார்கள், பார்வையாளர் அழுவார்கள், மருத்துவமனைக்கு மறுநாள் கூட்டம் சேரும். பெண்கள் அமைப்புகளின் எதிர்ப்புக்கிடையே 2015-இல் அது நின்றது. ரயில் நிலையச் சுவர்கள்மீது புகார்கள் குவிந்ததும், 2017-இன் இறுதியில் சியோல் மெட்ரோ இந்த விளம்பரங்களைப் படிப்படியாக 2022-க்குள் அகற்றிவிடுவதாக அறிவித்தது. சுவரைச் சுத்தம் செய்யலாம். கைபேசியை?

அரசாங்கத்தின் நிலைதான் வேடிக்கை. 2009-இல் வெளிநாட்டு நோயாளிகளை அழைத்துவர மருத்துவமனைகளுக்கு அனுமதி கொடுத்து மருத்துவச் சுற்றுலாவை வளர்த்தார்கள். 2011-இல் இமை, மூக்கு, மார்பு அறுவைகளுக்கு மதிப்புக்கூட்டு வரி போட்டார்கள். பிறகு வெளிநாட்டுப் பயணிகளுக்கு அந்த வரியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு கையால் ‘இது தேவையற்ற ஆடம்பரம்’ என்றும் மறு கையால் ‘இது நாட்டின் ஏற்றுமதி’ என்றும் எழுதிய அரசு, பெண்களிடம் மட்டும் தெளிவான கருத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவசரமாக வளர்ந்த தொழிலில் என்ன நடக்குமோ அது நடந்தது. மயக்கத்தில் இருக்கும்போது, பேசி ஒப்புக்கொண்ட மருத்துவருக்குப் பதில் வேறொருவர் கத்தி வைப்பது. 2016-இல் தாடை அறுவைக்குப் போன ஒரு கல்லூரி மாணவர் இறந்துபோனார். அவருடைய தாய் அறுவை அறையின் கேமராப் பதிவைப் பெற்று, திரும்பத் திரும்பப் பார்த்து, யார் எப்போது அறையைவிட்டுப் போனார்கள் என்று கணக்கெடுத்துப் போராடினார். நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்திச் செய்யும் அறுவைகளுக்கு அறையில் கேமரா பொருத்தவேண்டும் என்ற சட்டம் 2021-இல் நிறைவேறி, 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அம்மாக்களைப் பற்றி எழுதுபவர்கள் இந்த அம்மாவையும் எழுதவேண்டும்.

இப்போது ஆய்வுமுறை பற்றி. முதுகலை மாணவியர் கொஞ்சம் கவனிக்கவேண்டும்.

அழகு அறுவைசிகிச்சையைப் பெண்கள் எந்த அளவு ஏற்கிறார்கள் என்று அளக்க, ஹெண்டர்சன்-கிங் இணையர் 2005-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். 15 கூற்றுகள், மூன்று தொகுதிகள். முதல் தொகுதி, தன் மனநிறைவுக்காகச் செய்துகொள்வது. இரண்டாவது, பிறரைக் கவர, சமூகப் பயனுக்காகச் செய்துகொள்வது. மூன்றாவது, தானே செய்துகொள்ளும் எண்ணம் உண்டா என்பது. உலகெங்கும் பல மொழிகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். பயனுள்ள கருவிதான். ஆனால் முதல் தொகுதிக்கும் இரண்டாவதுக்கும் நடுவே போட்டிருக்கும் கோடு என் கண்ணுக்குத் தெரியவில்லை. ‘எனக்காகத்தான் செய்துகொண்டேன்’ என்று சொல்லும் பெண் பொய் சொல்லவில்லை. கூட்டத்தில் தலைநிமிர்ந்து நிற்கும்போது வரும் நிம்மதி அவளுடையதுதான். அந்த நிம்மதி ஏன் முன்பு கிடைக்கவில்லை என்று கேட்டால், கூட்டம் உள்ளே வந்துவிடுகிறது. ‘எனக்காக’ என்ற பதிலை அவள் விரும்பிச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: மரியாதையான பதில் அது ஒன்றுதான். மாப்பிள்ளைக்காக என்றால் இளக்காரம், வேலைக்காக என்றால் பரிதாபம்.

கேத்தி டேவிஸ் என்ற சமூகவியலாளர் நெதர்லாந்தில் செய்த ஆய்வை நான் மாணவியருக்கு அடிக்கடி பரிந்துரைப்பேன். 1995-இல் நூலாக வந்தது. ஒருகாலத்தில் அந்த நாட்டில் இந்த அறுவைகளுக்குக் காப்பீட்டுப் பணம் கிடைத்தது. தோற்றம் இயல்பின் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று அதிகாரியான மருத்துவர் ஒப்புக்கொள்ளவேண்டும். அந்த மருத்துவரின் அறையில் உட்கார்ந்து, விண்ணப்பிக்க வந்த பெண்களை டேவிஸ் கவனித்தார். உள்ளே வரும் பெண் எதைத் திருத்தக் கேட்டு வந்திருக்கிறாள் என்பதை அவரால் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியவில்லை! பார்ப்பவருக்கு எல்லாரும் இயல்பாகத்தான் தெரிந்தார்கள். அவர்களோடு பேசியபோது கிடைத்த விடையும் எதிர்பாராதது. அழகியாக வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. எல்லாரையும்போல இருந்தால் போதும் என்றார்கள். யாரும் திரும்பிப் பார்க்காத உடம்பு வேண்டும். பெண்ணியவாதிகள் சிலருக்கு டேவிஸ்மீது கோபம், அடக்குமுறைக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று. எனக்கு அவர் நேர்மையாகத் தோன்றுகிறார். நடப்பதை ஆதரிக்காமலே அதைச் செய்துகொள்கிறவளின் அறிவை மதிக்க முடியும் என்று காட்டினார்.

கொரியாவுக்குத் திரும்பினால், எல்லாரையும்போல இருக்கும் அந்த நிம்மதிகூட எளிதில் கிடைப்பதில்லை. அறுவை செய்துகொண்டது முகத்தில் தெரிந்தால் அதற்கும் வசவு உண்டு. ‘கங்நம் அழகி’ என்பது பாராட்டுப்போலத் தெரியும். உண்மையில் அது, ஒரே அச்சில் வார்த்த செயற்கை முகம் என்ற கேலி. 2018-இல் வந்த ‘என் அடையாளம் கங்நம் அழகி’ தொடரை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். சிறுவயதில் அழகில்லை என்று வதைக்கப்பட்ட பெண், கல்லூரிக்குமுன் முகத்தை மாற்றிக்கொண்டு வருகிறாள். மாற்றிக்கொண்டாள் என்பதற்காக மறுபடியும் வதைபடுகிறாள். செய்யாவிட்டால் சோம்பேறி, செய்தால் போலி, செய்தது தெரியாமல் செய்தால் கெட்டிக்காரி. ஆகவே மருத்துவமனைகள் இப்போது விற்பது ‘இயற்கையான’ தோற்றத்தை. அதற்கு விலை கூடுதல்.

அங்கே எதிர்ப்பே இல்லையா என்றால், நிறையவே உண்டு. ‘இஃப்’ என்ற பெண்ணிய இதழ் 1999-இல் அழகிப்போட்டிக்கு எதிராக ஒரு விழாவையே தொடங்கியது. 2018 ஏப்ரலில் எம்.பி.சி. தொலைக்காட்சியில் இம் ஹ்யோன்-ஜூ என்ற செய்தி வாசிப்பாளர் காலைச் செய்தியில் கண்ணாடி அணிந்து தோன்றினார். அவ்வளவுதான் செய்தார். நாடு முழுவதும் அது தலைப்புச் செய்தியானது. பெண் செய்தி வாசிப்பாளர் கண்ணாடி போடுவதில்லை என்ற எழுதாத விதி அப்போதுதான் பலர் கண்ணில் பட்டது. 1994-இன் கடிதங்களில் இருந்த அதே கண்ணாடி. அதே 2018-இல்தான் ‘கச்சையை உதறு’ என்ற பொருளில் ஓர் இயக்கம் இளம்பெண்களிடையே பரவியது. தலைமுடியை ஒட்ட வெட்டினார்கள், ஒப்பனைப் பொருள்களை நொறுக்கிப் படம் போட்டார்கள். கழிப்பறைகளில் ரகசியக் கேமரா வைப்பதை எதிர்த்துப் பல்லாயிரம் பெண்கள் சியோலில் தெருவுக்கு வந்த கோடைக்காலம் அது.

அந்த இயக்கத்தில் எனக்குப் பிடித்தது, அது உள்ளழகு பற்றி யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. ஒப்பனைக்கும் முடிக்கும் மாதம் எவ்வளவு பணம், காலையில் எவ்வளவு நேரம் போகிறது என்று பெண்கள் எழுதிக் கூட்டிப் பார்த்தார்கள். கணக்குப் போடுகிறவளுக்கு எதிர்க்கணக்கைத்தான் காட்டவேண்டும். பிடிக்காததும் ஒன்று உண்டு. கூந்தலை வெட்டாதவளைத் துரோகி என்று பார்க்கும் போக்கு சில இடங்களில் வந்தது. முகத்தைச் சோதிக்கும் கண் இன்னொன்று முளைத்தால் யாருக்கு லாபம்?

நம் ஊரைப்பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். 2018 பிப்ரவரியில், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்பு அறுவைக்கென இலவசச் சிகிச்சைப்பிரிவு தொடங்கியது. ஏழைக்கு ஏன் அழகுச் சிகிச்சை கிடைக்கக்கூடாது, இல்லாவிட்டால் கடன் வாங்கித்தானே போவார்கள் என்ற பொருளில் அன்றைய சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர் பேசினார். வெளிநாட்டுப் பத்திரிகைகள்வரை செய்தி போனது. அரசுப் பணத்தில் இதுவா என்று மருத்துவர்களிலேயே சிலர் கேட்டார்கள். பிரேசிலில் இவோ பிட்டாங்கி என்ற மருத்துவர் பல ஆண்டுகளுக்கு முன்பே ரியோ நகரத் தரும மருத்துவமனையில் ஏழைப் பெண்களுக்கு இதைச் செய்யத் தொடங்கி, 1999 கார்னிவலில் ஒரு சாம்பா நடனக் குழு அவர் பேரில் ஊர்வலமே நடத்தும் அளவுக்குப் போற்றப்பட்டார். என் கருத்து இது: கனத்த மார்பால் தோளும் முதுகும் வலிக்கும் கூலித்தொழிலாளிப் பெண்ணின் சிகிச்சையை ‘அழகு’ என்ற பெட்டியில் போட்டதுதான் அந்த விவாதத்தின் பிழை. எது நோய், எது ஆசை என்று கோடு போடும் அதிகாரம் எப்போதும் நோயாளியல்லாத ஒருவர் கையில் இருக்கிறது.

சென்னையிலிருந்தே 2009-இல் ‘கறுப்பே அழகு’ என்ற கருத்தில் ஓர் இயக்கம் கிளம்பியதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பின்னர் நந்திதா தாஸ் அதன் முகமானார். நல்ல முயற்சி. ஆனால் கறுப்பும் அழகே என்று சொல்வது விலைப்பட்டியலில் ஒரு வரியைத் திருத்துகிறது. பட்டியலை வைத்திருப்பவர் யார் என்று கேட்பதில்லை.

ஆகவே இந்தத் துறை மாணவியருக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அழகு அறுவைசிகிச்சை பற்றி உங்கள் கருத்து என்ன என்று கேட்கும் வினாப்படிவத்தைக் கொஞ்சகாலம் ஓரமாக வையுங்கள். செய்துகொண்டவரிடமும், செய்ய நினைப்பவரிடமும், பல் கட்டியவரிடமும், நிறத்துக்கு ஊசி போட்டுக்கொண்டவரிடமும் வேறு சிலவற்றைக் கேளுங்கள். பணம் யார் கொடுத்தது? கூட யார் வந்தது? யாரிடம் மறைத்தீர்கள்? அடுத்த ஆறு மாதத்தில் உங்கள் வாழ்க்கையில் என்ன நடக்கவிருந்தது: பெண்பார்ப்பா, நேர்முகத் தேர்வா, மாற்றலா? கருத்தைவிட இந்த விடைகளில் சமூகம் நன்றாகத் தெரியும்.

இன்னொன்று, இதற்குப் பணமே வேண்டாம். நம் நகரத்துத் துணிக்கடை, நகைக்கடை, மருத்துவமனை வரவேற்பறை வேலைகளுக்கு வரும் விளம்பரங்களைப் பாருங்கள். ‘நல்ல தோற்றமுள்ள பெண்கள் தேவை’ என்று பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும். வாட்ஸ்அப் குழுக்களில் ‘முழு உயரப் படம் அனுப்பவும்’ என்று வரும். ஒவ்வொன்றையும் தேதியோடு படமெடுத்துச் சேருங்கள். வேலை என்ன, சம்பளம் என்ன, அதே கடையில் ஆண்களுக்கு என்ன தகுதி கேட்டார்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். கொரிய ஆசிரியர்கள் 44 நிறுவனங்களின் கடிதங்களைச் சேர்த்ததற்கு மேலான ஆய்வுக்கருவி அவர்களிடம் இருக்கவில்லை. துறைத்தலைவர் ஒப்புக்கொண்டால் இந்தப் பருவத்திலேயே இரண்டாமாண்டு மாணவியர் தொடங்கலாம். தொகுப்பைப் படிக்க நான் வருகிறேன்.